தளத்துல பதிஞ்ச நாலு விரல்

பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா, "போய் வேலையப் பாருடா"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவ நானு. இப்பவும் அப்படித்தான். சிரிக்கறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சுக்குங்க, நடுவுல சிரிச்சா எனக்குக் கோவம் வரும்.

எனக்குப் பெரம்பலூர். எங்க ஊருக்கு ரயில் கிடையாது, ரயில் ஏறணும்னா அரியலூருக்குத்தான் போவணும். அந்த ஸ்டேஷனைப் புதுசாக் கட்டுறாங்கல்ல, லிஃப்ட்டு, புதுக் கூரை, புது பிளாட்பாரம்னு, அங்கதான் எனக்கு மொத மொதல்ல கொத்தனாரு பிடிக்கிற கரணை கையில கிடைச்சுது. அதுவரைக்கும் பதினாலு வருசம் சித்தாளா சட்டி தூக்குனவ. "பொம்பள கொத்து வேலை பாத்தா தளம் நிக்குமா"ன்னு மேஸ்திரி எல்லார் முன்னாடியும் கேட்டாரு. "ஒரே ஒரு தளம் குடுங்கண்ணே, அதுல ஒரு குறை வந்தா நான் மறுபடி சட்டியே தூக்குறேன்"னேன். குடுத்துட்டாரு. பிளாட்பாரத்துக் கடைசில ஒரு துண்டு.

காலைல கான்கிரீட்டு போட்டு, மட்டப்பலகை வச்சு இழுத்து, கண்ணாடி மாதிரி தேச்சு வச்சேன். மூணு பக்கமும் கயிறு கட்டியாச்சு, நாலாவது பக்கம் தண்டவாளம். மத்தியானம் எல்லாரும் சோறு திங்கப் போனாங்க, நான் போவல. நாயி கீயி ஏறிட்டா என் மானம் போயிடுமே. கயித்துக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டியக் கவுத்துப் போட்டு உக்காந்துகிட்டேன். உச்சி வெயிலு, தூக்கமெல்லாம் கிடையாது, கால்ல முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். ஒரு எக்ஸ்பிரஸ் நிக்காமப் போச்சு, புழுதி அடிச்சுது, கண்ண மூடித் தொறந்தேன், அவ்வளவுதாங்க. ஏழு காலடி.

வெறுங்கால். ரயில்லேருந்து இறங்கி வந்த மாதிரி தண்டவாளத்துப் பக்கமிருந்து நேரா என்னைப் பாத்து வந்து, ஏழாவது அடி எனக்கு ஒரு முழம் முன்னாடி நின்னு போச்சு. திரும்பிப் போன தடமே இல்ல. சத்தியமா சொல்றேன், அப்ப எனக்கு பயம் வரல, ஆத்திரம்தான் வந்துச்சு. "எவன்டா அது, என் தளத்துல மிதிச்சது!"ன்னு கத்துனேன்.

மேஸ்திரி ஓடி வந்தாரு. "பொம்பளக் காலு, உன் அளவுதான். நீயே மிதிச்சுட்டுக் கதை விடுறியா"ன்னாரு. சுத்தி ஆளுங்க. என்கூட அத்தனை வருசமும் சட்டி தூக்குன அஞ்சலையே தலையக் குனிஞ்சுகிட்டா. அழுகை முட்டிச்சு, ஆனா அழுவேனா? பூட்ஸக் கழட்டி வீசினேன். ஒரு பலகையப் போட்டு, ஏழாவது தடத்துக்குப் பக்கத்துல என் வலது கால வச்சேன். நீளம் அதே, அகலம் அதே, குதிகால் வெடிப்புகூட அதே எடத்துல. அப்பத்தான் பாத்தேன், அந்தத் தடத்துல சுண்டுவிரல் இல்ல.

"எண்ணிப் பாருங்கண்ணே! அதுக்கு நாலு, எனக்கு அஞ்சு!"

மேஸ்திரி குனிஞ்சு எண்ணுனாரு, மறுபடி எண்ணுனாரு. "காயறதுக்குள்ள தேச்சு விடு"ன்னுட்டுப் போயிட்டாரு. தேச்சேன். ஒரு கீறல் இல்லாம இன்னிக்கும் நிக்குது, அதுமேலதான் சனங்க பெட்டியோட ரயிலுக்குக் காத்திருக்காங்க. அன்னையிலேருந்து நான் கொத்தனாரு.

இனிமே சொல்றத நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. கொஞ்ச மாசம் கழிச்சுப் பெரம்பலூர்ல ஒரு வூட்டு வேலைல கிரானைட் பலகை சரிஞ்சு என் வலது கால்ல விழுந்துச்சு. சுண்டுவிரல எடுத்துட்டாங்க. கட்டு அவுத்த அன்னைக்கு அஞ்சலை வந்திருந்தா. என் காலையே பாத்துகிட்டிருந்தா, அன்னைக்கு மேஸ்திரி எண்ணுன மாதிரியே விரல எண்ணுனா, மறுபடி எண்ணுனா.

அதுக்காகக் கரணையக் கீழ போட்டேனா? போடல. ஆனா அதுக்கப்புறம் அரியலூர்ல ரயில்லேருந்து நான் ஒரு தடவகூட இறங்குனதில்ல, எங்க போனாலும் பஸ்ஸுதான். அடுத்த மாசம் சென்னைல வேலை, மொத்த ஆளுங்களுக்கும் ரயில்லதான் டிக்கெட்டு போட்டிருக்காங்க, திரும்பி வர்றப்ப அந்த பிளாட்பாரத்துலதான் இறங்கணும். இறங்குவேன், எனக்கென்ன பயம்? செருப்பு மட்டும் ரெண்டு ஜோடி எடுத்து வச்சிருக்கேன்.