கம்பை வாங்கினார், அடிக்கவில்லை

“மெம்பர் போயிட்டாங்கக்கா.” போனில் சொன்னது என் தம்பி ஷாஜி. காரக்கோணத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அவன் தேம்புவதைக் கேட்டதும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. கேரள எல்லையோர ஆரியங்கோட்டில் எங்கள் பஞ்சாயத்து வார்டு மெம்பராக இருந்த ஸ்டெல்லா அக்காவை அறிந்தவர்களுக்கு, அவன் ஏன் அழுதான் என்பதும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், அக்கா வீட்டு முற்றத்தில் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டுகளைத் திருடியவன் ஷாஜி. மறைக்க என்ன இருக்கிறது, அவன்தான். பிடித்தவர்கள் பலா மரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். முகமெல்லாம் ரத்தம். நான் ஓடிப்போய்க் கத்தினேன், யார் கேட்டார்கள்? பொருளுக்கு உரியவரும் ஓர் அடியாவது அடிக்க வேண்டும் என்பது அன்று கூடியிருந்தவர்களின் நியாயம். அக்கா வந்ததும் அவர் கையில் ஒரு கம்பைக் கொடுத்தார்கள்.

அக்கா கம்பை வாங்கிக்கொண்டு, ஷாஜியை மறைத்து, கூட்டத்தைப் பார்த்து நின்றார். “எலே, கட்ட அவுத்து விடுங்கலே. போனது எனக்க ஷீட்டாக்கும். கேக்கதுக்குப் போலீஸ் உண்டு, கோர்ட்டு உண்டு.”

“கோர்ட்டுக்குப் போனா இவன் நாளைக்கே வெளிய வருவான் மெம்பரே” என்றார் ஒருவர்.

“வரட்டு. நாளைக்கு உன்னையும் களவன்னு ஒருத்தன் கை சூண்டிக் காட்டுனா, உன்னைய ஆரு காப்பாத்துவா?”

போலீஸ் ஜீப் வரும்வரை அவர் அசையவில்லை.

அத்தோடு விட்டாரா? ஷாஜி மேல் புகார் கொடுத்தார். அவனை அடித்தவர்களின் பெயர்களையும் சொன்னார். முதல் பெயர் அவருடைய சொந்தத் தம்பியுடையது. அக்கா வீட்டில் ஒரே ரகளை. அதற்கிடையில் நான் வேறு போய் நின்றேன். “காப்பாத்திட்டு நீங்களே கேசு குடுக்கலாமாக்கா? வாபஸ் வாங்குங்க.”

“மக்கா, அவன் எடுத்ததும் தப்பு, இவங்க அடிச்சதும் தப்பு. ரெண்டையும் கோர்ட்டு பாக்கட்டு. நான் ஆளு பாத்து சொல்லப்பிடாது” என்றவர், சாயா போட்டுத் தந்தார். கோபத்தோடுதான் குடித்தேன்.

அடுத்த தேர்தலில் தோற்றார். கோபம் ஆறி, அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய எனக்குத்தான் ஆற்றாமை. “நின்னா ஜெயிக்கணும்னு சட்டமொண்ணும் இல்லியே” என்று அவர் சிரித்தார்.

ஷாஜி ஜெயிலுக்குப் போய்வந்தான். இப்போது பாறசாலையில் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் வண்டிச் சத்தம் வாசலில் கேட்கும்போதெல்லாம் மனதுக்குள் அக்காவைக் கும்பிடுகிறேன்.

அடக்கத்தன்று சர்ச்சில் ஒருவர், “மெம்பருக்க ஞாபகமா உன்கிட்ட என்ன உண்டு?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற தம்பியைக் காட்டினேன்.