மூன்று முறை திரும்பி வந்த கட்டில்

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த சமயம் அது. எங்களையும் குறைத்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் ஈப்போவுக்கு வந்து, தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஒட்டிக்கொண்டோம். துரைமார் வீட்டிலும் ஆபீசிலும் வேண்டாம் என்று ஒதுக்கிய நாற்காலி, மேசை, அலமாரியெல்லாம் அங்கே வரும். வேலை போனவர்கள் அவற்றைப் பழுதுபார்த்துத் தொழில் கற்றுக்கொள்வார்கள். சபையார் சிலர் சும்மா வந்து உதவுவார்கள். ஒன்றும் இல்லாத குடும்பங்களுக்கு அந்தச் சாமான்கள் போகும். என் வீட்டுக்காரர் மாட்டு வண்டி ஓட்டினார். நான் நாற்காலிக்குப் பிரம்பு பின்னக் கற்றேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமே செய்துகொள்ளாதவர். நான்கு பேர் சிரித்தால் அங்கே ஏதோ களவு போகிறது என்று ஓடி வருவார். என் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிய அக்கா அதற்காகவே சிரிப்பாள்.

ஒரு நாள், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் இரும்புக் கட்டில் வந்தது. நாலு மூலையிலும் பித்தளைக் குமிழ். புளி போட்டுத் தேய்த்ததும் முகம் தெரிந்தது. புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ரயில்வே கூலிக்குக் கொடுத்தோம். பத்தே நாளில் திருப்பிக் கொண்டுவந்தார்.

"என்ன குறை?" என்றார் கிராணி ஐயா.

"ரொம்ப உசரமா இருக்குங்க."

அடுத்து அது ஒரு தோட்டத்தில் கூலிகளின் வரிசை வீடான லயத்துக்குப் போனது. அங்கேயும் புது ஜோடிதான். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. "மூட்டைப்பூச்சி" என்றான் மாப்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டே. இரும்புக் கட்டிலில் ஏது மூட்டைப்பூச்சி? எங்கள் சீனத் தச்சர் கட்டிலை நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். "காத்தில் பாகுஸ் லா. ஓராங் தாக் பாகுஸ்" என்றார். கட்டில் நல்லதாம், ஆட்கள்தான் சரியில்லையாம்.

மறுநாள் மத்தியானம் நானும் அக்காவும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊறுகாய்க்காக நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். வாத்துக் கூட்டத்தை நாய் துரத்தியது போல ஒரு சத்தம். அக்கா வேண்டுமென்றே இந்தப் பக்கம் சாய்ந்தாள். மறுபடியும் வாத்து. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லயத்தில் வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு, அதுவும் பாதிச் சுவர்தான். அந்தப் புதுப்பெண் காலையில் தண்ணீர்க் குழாய்க்கு எப்படிப் போயிருப்பாள் என்று நினைத்ததும் சோறு எனக்கு மூக்கில் ஏறிவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றாவதாக அதை வாங்க வந்தவர் துணிக்கடையில் வேலை போன ஓர் ஆள். மூன்று மேசைகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்க வீட்டுக்குச் சரிப்படாது" என்று உதட்டைப் பிதுக்கியவர். "இவருக்கே கொடு" என்று அக்கா கண்ணைக் காட்டினாள். துடைத்து, மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டேன்.

கட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தது அவரில்லை. அவர் மனைவி. பதினெட்டு வயதிருக்கும். "வீட்டுக்கு ராசியில்லைங்க" என்றாள். சொல்லும்போதே காதுவரை சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிராணி ஐயா அன்று கொதித்துப்போனார். "நானே படுத்துப் பாக்கிறேன்" என்று சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டப்பகலில் எல்லோர் முன்னாலும் கட்டிலில் நீட்டிப் படுத்தார். கைகளை நெஞ்சில் கோர்த்தவர் அரை மணி நேரம் அசையவில்லை. "உசுரு இருக்கா பாரு" என்றாள் அக்கா. எழுந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்: "கட்டில் நல்லா இருக்கு. இனிமே திருப்பிக் கொண்டு வாரவங்களுக்கு வேற சாமான் கிடையாது."

அந்தப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் எழுந்து போனேன்.

"ஐயா, கட்டில்ல ஒரு குறை இருக்கு."

"எங்கே? நான் படுத்துப் பாத்தேனே?"

"ஒருத்தர் படுத்தா தெரியாதுங்க."

அவருக்கு விளங்கவில்லை. "அப்ப ரெண்டு பேர் படுங்க" என்று தச்சரையும் என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார். இருவரும் இரண்டு மரக்கட்டைகள் போல விறைத்துப் படுத்தார்கள். சத்தமே இல்லை.

"ஆடுங்களேன்யா!" என்றாள் அக்கா.

இருவரும் ஒரே நேரத்தில் புரண்டார்கள். கொட்டகை முழுக்க வாத்து கத்தியது. சத்தம் நின்றால் போதும் என்று நான் நினைத்தபோது, நாற்காலி ஒன்றைக் கொடுக்க வந்த துரைசானியும் பாதிரியாரும் வாசலில் நின்றார்கள். கட்டிலில் கிடந்த இரண்டு ஆம்பிளைகளைப் பார்த்து, "சாக்கிட்?" என்று அக்கறையாகக் கேட்டார் துரைசானி. நோயா என்று.

"சாக்கிட், மேம். ரெண்டு பேருக்கும் காய்ச்சல்" என்றாள் அக்கா, முகத்தில் ஒரு கோடு அசையாமல். மறுநாள் துரைசானி வீட்டிலிருந்து காய்ச்சலுக்கு ஒரு புட்டி கொய்னா மாத்திரை வந்தது.

அவர்கள் போன பிறகுதான் கிராணி ஐயாவுக்கு விளங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடியும் கழற்றினார். "எண்ணெய் போடுங்க" என்று கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

எண்ணெய் இரண்டு நாள்தான் நின்றது. பிறகு, எங்கள் வீட்டுக் கதவு ஆடாமலிருக்க அண்டக் கொடுத்திருந்த ரப்பர் சீட்டை எடுத்து வந்தேன். அன்றைக்கு ரப்பருக்கு அதைவிடப் பெரிய மதிப்பும் இல்லை. துண்டு துண்டாக வெட்டி, சட்டமும் காலும் சேரும் இடங்களில் செருகினேன். தச்சர் திருகாணிகளை இறுக்கினார். அக்காவும் நானும் ஏறிக் குதித்தோம். ஒரு முனகல்கூட இல்லை. "பிரம்பு போதும். நாளையிலிருந்து நீ பட்டறைக்கு வா" என்றார் கிராணி ஐயா. தச்சருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு சுத்தியல் கிடைத்தது.

துணிக்கடை ஆளின் மனைவியை நானே போய் அழைத்து வந்தேன். தெரிந்தே கட்டிலைக் கொடுத்ததைச் சொன்னேன். அவள் முறைத்தாள். கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்து, இருவருமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினோம். சத்தம் வருமென்று கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தவள் மெதுவாகத் திறந்தாள்.

"நெசமாவே கத்தலை!"

"கத்தாது."

"சண்டாளி!" என்று என் கையில் நன்றாக ஒரு கிள்ளு கிள்ளினாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கிராணி ஐயா ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.