அத்தான் சியாச்சினில் செய்த வேலை

என் அக்காவின் கணவர் ராணுவத்தில் இருந்தவர். இந்த ஒரு வரி உண்மை. இதற்கு மேல் அமெரிக்காவில் பன்னிரண்டு வருடங்களாக நான் சொல்லிவந்ததெல்லாம் என் சொந்தச் சரக்கு.

ஆரம்பித்தது நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டரில், ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவரும் ஒரு வீட்டு பாட்லக் விருந்தில். கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஏழெட்டுக் குடும்பங்கள். சாப்பிட்டு முடித்த ஆண்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு அவரவர் சொந்தக்காரர்களைப் பற்றிப் பெருமையடிக்க ஆரம்பித்தார்கள். ஒருவருடைய தம்பி பெரிய கம்பெனியில் டைரக்டர். இன்னொருவரின் மச்சினர் சொந்தமாக ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார். என் முறை வந்தது. "எங்க அத்தான் ஆர்மி. கார்கில் சண்டை நடந்தப்ப சியாச்சின்ல இருந்தார்" என்றேன். அறை அமைதியாகிவிட்டது. நான் வாயைத் திறந்தால் ஏதோ ஜோக் வரப்போகிறது என்று பாதிச் சிரிப்போடு காத்திருப்பதுதான் எங்கள் வட்டத்தின் வழக்கம். எனக்காக ஓர் அறை அமைதியானது அதுவே முதல்முறை. நன்றாகத்தான் இருந்தது.

"அங்க என்ன பண்ணார்?" என்று ஒருவர் கேட்டார்.

சமையல் செய்தார். பதினெட்டாயிரம் அடி உயரத்தில், பனிக்கட்டி மேல் கூடாரம் போட்டிருந்த ஒரு காவல் முகாமில், எட்டுப் பேருக்கு அவர்தான் சமையல்காரர். ஆனால் என் வாயில் வந்தது வேறு. "பார்டர்ல நின்னார்" என்றேன்.

அதற்கப்புறம் கதைக்கு ஊர் ஊராகப் புது வெர்ஷன் வந்தது. டெக்சஸில், ஆலனில் ஒரு நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அத்தான் கையில் துப்பாக்கி ஏறியது. அடுத்த தீபாவளிக்கு அவர் பனியில் தவழ்ந்தார். அதற்கடுத்த பொங்கலுக்கு எதிரிகள் பதினொரு பேர் விழுந்தார்கள். பத்து என்றால் கட்டுக்கதை மாதிரி இருக்கும் என்பதால் பதினொன்று. நான் பிழைப்புக்குச் செய்வது சாஃப்ட்வேர் டெஸ்டிங், அதாவது அடுத்தவர் வேலையில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். என் சரக்கை டெஸ்ட் பண்ணத்தான் ஆள் இல்லை. அத்தான் பத்திரமாக ராஜபாளையத்தில் இருந்தார்.

போன பிப்ரவரியில் அவரும் அக்காவும் விசிட்டர் விசாவில் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்த மறுநாளே அவரைப் பார்க்கத் தமிழ்ப் பள்ளிச் செயலாளர் அம்மா மட்டன் சுக்காவோடு வந்துவிட்டார். வீட்டுக்குள் ஹீட்டர் எழுபத்தி நாலு ஃபாரன்ஹீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் மங்கி கேப், மஃப்ளர், இரண்டு ஸ்வெட்டர் எல்லாம் போட்டு, கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தார்.

"சியாச்சின்ல இருந்த அங்கிளுக்கு இந்தக் குளிரெல்லாம் சும்மான்னு நெனச்சேன்" என்றார் செயலாளர்.

"அங்க இருந்ததனாலதாம்மா இப்பிடி. கால் விரல்ல ரெண்டு அங்கயே போயிருச்சு. மிச்சம் எட்டும் இன்னிக்கும் பயந்துக்கிட்டு இருக்கு."

செயலாளர் உருகிப்போய்விட்டார். பள்ளி ஆண்டு விழாவுக்கு அத்தான்தான் சிறப்பு விருந்தினர் என்று அங்கேயே முடிவானது. இரண்டு நாளில் வாட்ஸ்ஆப்பில் அறிவிப்பு வந்தது. பின்னணியில் பனிமலை, நடுவில் அத்தானின் பாஸ்போர்ட் போட்டோ, கீழே கொட்டை எழுத்தில்: 'எதிரிகளைப் பனியில் வீழ்த்திய மாவீரர்'.

அக்கா அதைப் படித்துவிட்டுச் சமையலறைக்குள் என்னை மடக்கினாள்.

"யாருடா இது?"

"அத்தான்தான்க்கா."

"அவரு எப்படா யாரச் சுட்டாரு? என்னத்த அளந்து வச்சிருக்க நீ?"

சொன்னேன். எல்லா வெர்ஷனையும் சொன்னேன். பதினொரு பேர் வரும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எம் புருஷன் சோறு பொங்குனது உனக்குக் கேவலமா இருந்துச்சாடா?"

"அப்பிடியில்லக்கா…"

"போன் போட்டு மாத்தச் சொல்லு."

நான் போன் போடவில்லை. அறிவிப்பு போய்ச் சேர்ந்த முந்நூறு பேர் முன்னால் ஒரே நாளில் நான் பொய்யனாகிவிடுவேன். அதைவிட மோசமான ஒரு காரியம் செய்தேன். விழாவன்று அக்காவும் என் மனைவியும் வேறு காரில் கிளம்ப, அத்தானை நான் தனியாக அழைத்துப் போனேன். பின் சீட்டில் என் மகள்.

"அத்தான், ஒரு சின்ன ரிக்வெஸ்ட். அங்க… அந்த குக் விஷயத்த மட்டும் சொல்ல வேணாம். நாட்டப் பத்தி, பனியப் பத்திப் பொதுவா ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காந்துருங்க."

அத்தான் தலையாட்டினார்.

"சரி மாப்ள, சொல்லல" என்றார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

"தட்ஸ் நாட் நைஸ், அப்பா" என்றாள் மகள். நான் ரேடியோவைப் போட்டேன்.

விழா ஒரு பள்ளிக்கூடத்து கேஃபடேரியாவில். குழந்தைகள் தரையில், பெற்றோர்கள் பின்னால். அத்தான் மேடை ஏறிப் பேசினார். பனி வெள்ளையாக இருக்கும், காற்று பலமாக இருக்கும், நாடு முக்கியம். இரண்டே நிமிடம். உத்தரவை அப்படியே நிறைவேற்றிய பேச்சு. எனக்கு மூச்சு வந்தது. அப்போது செயலாளர் மைக்கை வாங்கி, "பிள்ளைங்க யாராவது கேள்வி கேக்கலாம்" என்று சொல்லி அதை அத்தானிடமே திருப்பிக் கொடுத்தார்.

முன் வரிசையிலிருந்து ஒரு எட்டு வயதுப் பெண் எழுந்தாள். "டிட் யூ ஷூட் எனிபடி?"

"இல்ல பாப்பா."

கூட்டத்தில் தலைகள் திரும்பின. சில தலைகள் என்னைப் பார்த்தும் திரும்பின.

"தென் வாட் டிட் யூ டூ தேர்?"

அத்தான் மைக்கைப் பிடித்தபடி விறைப்பாக நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டவர். மேலதிகாரி சொல்லட்டும் என்று காத்திருந்தார். அந்த மேலதிகாரி நான். ஐம்பத்தொரு வயது, தொப்பை, பனியில் காரை எடுக்கவே பயப்படுகிறவன்.

எழுந்தேன்.

"அவர் குக். எட்டுப் பேருக்குச் சமையல் பண்ணார். துப்பாக்கி, பதினோரு பேர், எல்லாம் நான் விட்ட கதை."

ஒரு விநாடி. பிறகு ஹாலே சிரித்தது. நல்ல பலமான, வயிறு குலுங்குகிற சிரிப்பு. நான் எழுந்து நின்று சொன்னால் ஜோக்தான் என்று இத்தனை வருடமாக நானே பழக்கி வைத்திருக்கிறேன்.

"சத்தியமா, நெஜமாத்தான் சொல்றேன்" என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

"அப்ப பதினோரு பேரையும் பிரியாணி போட்டே கவுத்துட்டாரா?" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். கைதட்டல் வேறு. ஒரு சமையல்காரர் மாவீரராக மேடையில் நிற்பது அவ்வளவு வேடிக்கையாக இருந்தது அவர்களுக்கு. அக்கா மட்டும் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அத்தான் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"மாப்ள சொன்னது நெசந்தான். நான் குக்கு. நீ கேட்டியே பாப்பா, என்ன செஞ்சேன்னு. சொல்றேன்.

"அங்க யாருக்கும் பசிக்காது. அதான் மொதப் பிரச்சினை. அம்புட்டு ஒசரத்துல பசிங்கிறதே செத்துப்போகும். தண்ணி கெடையாது. பனிய வெட்டி, மண்ணெண்ணெ ஸ்டவ்வுல உருக்கணும். ஒரு பானை பனி போட்டா ஒரு சொம்புத் தண்ணி வரும். முட்டை கல்லு மாதிரி இருக்கும், சுத்தியலால அடிச்சாலும் ஒடையாது. பருப்பு குக்கர்லயே பாதி நாள் கெடக்கும். வேக வச்சு எடுத்துக்கிட்டுப் போனா எல்லாத்துலயும் மண்ணெண்ணெ வாடை. அதப் பாத்ததும் ஒவ்வொருத்தனும், வேணாம் வேணாம்பான். திங்காதவன் ரெண்டு நாள்ல படுப்பான். படுத்தா நெஞ்சுல தண்ணி கோத்துக்கிரும். அப்பறம் ஹெலிகாப்டர் வர முடிஞ்சாத்தான் உசிரு. எதிரி சுட்டு எங்க போஸ்டுல யாரும் விழல. திங்காமத்தான் விழப் பாத்தாங்க. அதனால யாரு தட்டுல எம்புட்டு மிச்சம்னு பாக்குறது என் வேலை. திட்டுவேன், கெஞ்சுவேன், ஊட்டியும் விட்டிருக்கேன்."

சிரித்தவர்கள் சிரித்த வாயோடு அப்படியே இருந்தார்கள்.

"ஒருத்தன் இருந்தான். எங்கள்லயே அவன்தான் பலசாலி. தட்டு எப்பவும் காலியா வரும். எனக்கு அவன் மேல சந்தேகமே இல்ல. ஒரு நாள் கூடாரத்துக்குப் பின்னால பனி வெட்டப் போறேன், உள்ள ரொட்டி. மூணு நாள் ரொட்டி, அடுக்கி வச்ச மாதிரி. பசிக்கலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு புதைச்சிருக்கான். நேரா ஆபீசர்ட்ட போய்ச் சொல்லிட்டேன். மறுநாள் வானம் தெறந்துச்சு, அவன ஹெலிகாப்டர்ல கீழ எறக்கிட்டாங்க."

"இஸ் ஹீ ஓகே?" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கான் பாப்பா. பேரன் எடுத்துட்டான். ஆனா எங்கிட்டப் பேசமாட்டான். காட்டிக் குடுத்துட்டேன்னு கோவம். இருவத்தஞ்சு வருஷமாச்சு." கொஞ்சம் யோசித்து, "பேசாட்டாப் பரவால்ல" என்றார். மைக்கைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, நொண்டாமல் நடக்க முயன்று, கொஞ்சம் நொண்டி இறங்கினார்.

அதன் பிறகு அவரைச் சுற்றிக் கூட்டம். பிரியாணிக் குரல்காரர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பருப்பு எத்தனை விசில் என்று கேட்டார். செயலாளர் என்னிடம், "அப்ப நீங்க சொன்ன எல்லாமே கதையா?" என்றார். "எல்லாமே" என்றேன். அவர் என்னிடம் அப்புறம் எதுவும் பேசவில்லை. ஒரு நல்ல மட்டன் சுக்காவை நான் நிரந்தரமாக இழந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அக்கா அத்தானின் மஃப்ளரைச் சரிசெய்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் அவள் வந்த காருக்குப் போனாள்.

திரும்பி வரும்போது முன் சீட்டில் அத்தான். மகள் பின்னால் தூங்கிவிட்டாள். மன்னிப்புக் கேட்க வாக்கியம் தேடிக்கொண்டே, ஹைவேயிலிருந்து இறங்க வேண்டிய இரண்டு எக்சிட்டைத் தவறவிட்டேன்.

"மாப்ள, நீ சொன்ன கதையில நான் எத்தனை பேரச் சுட்டேன்?"

"பதினொண்ணு, அத்தான்."

"அடப்பாவி." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "சரி, நான் பாட்டுக்குச் சுட்டுக்கிட்டு இருந்தேன்ல. அந்தக் கதையில எங்க ஆளுகளுக்கு யாரு சோறு போட்டா?"

யோசித்துப் பார்த்தேன். இத்தனை வெர்ஷனில் துப்பாக்கி இருந்தது, கயிறு இருந்தது, ஒருமுறை நாய்கூட இருந்தது.

"யாரும் போடல அத்தான்."

"அப்ப உன் கதையில எல்லாரும் நாலாம் நாளே செத்திருப்பாங்க மாப்ள" என்றார்.