சுவர் தின்ற மூன்றடி

எட்டு நாளைக்கு முன்னால், சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் புது ஷெட்டுக்குள் ஒரு கார் நுழைந்தது. நுழைந்தது நுழைந்ததுதான்... உள்ளே இருந்த டாக்டரம்மாவால் வெளியே வர முடியவில்லை.

வலது கதவைத் திறந்தார். ஆறு அங்குலம் திறந்ததும் சுவரில் இடித்தது. இடது கதவைத் திறந்தார். அங்கேயும் ஆறு அங்குலம்தான். கல் மேஜையில் இடித்தது. ஆறு அங்குலத்தில் என்ன இறங்கும்? டாக்டரம்மாவின் கைப்பை இறங்கும். டாக்டரம்மா எப்படி இறங்குவார்?

"வந்த வழியே ரிவர்ஸ் எடுத்தால் ஆயிற்று!" என்று நீங்கள் யோசனை சொல்வது எனக்குக் கேட்கிறது. என்ஜின் நின்றுவிட்டது ஐயா! அந்தச் சீமைக் காருக்கு செல்ஃப் எடுக்காது. ஹாண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். ஹாண்டில் போடும் இடம் எது? வண்டியின் முன்பக்கம். முன்பக்கம் எங்கே இருந்தது? பின்சுவரை முத்தமிட்டுக்கொண்டு இருந்தது. ஏனென்றால் அந்த வண்டிக்குப் பிரேக் பிடிக்காது. அந்தப் பிரேக்கைச் சரி பண்ணத்தான் வந்ததே!

"என்ன டீச்சர், பேஷன்டையெல்லாம் இங்கன வரச் சொல்லிருவமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் டாக்டரம்மா.

நல்ல மனுஷி, சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இந்த ஷெட் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரர் மெக்கானிக் என்பது தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. எட்டு மாதத்துக்கு முன்னால் பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி சரிந்து, இவருடைய இடது முழங்கால் நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் முட்டி மடங்கவில்லை. உட்கார்ந்தால் அந்தக் கால் நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். மடங்காத காலோடு பஸ்ஸுக்கு அடியில் என்ன செய்வீர் என்று கேட்டு, கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

கால் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இவருடைய வாய் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தெருமுனையில் போகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டே, "எந்தப் பய கியர் மாத்துதான்?" என்று வீட்டுக்குள் இருந்து வைகிற மனுஷன் இவர். காப்பி ஆறியிருந்தால் தெருவே கேட்கும். அப்படிப்பட்டவர் எட்டு மாதமாக எதற்கெடுத்தாலும் "சரி" என்றார். குழம்பில் உப்பு இல்லையா? சரி. பக்கத்து வீட்டு ஆடு துளசிச் செடியைத் தின்றுவிட்டதா? சரி. எனக்கு எரிச்சலாக வரும். அழுகையும் வரும்.

அப்போதுதான் டாக்டரம்மா சொல்லியனுப்பினார். "வீட்டிலேயே ஒரு ஒர்க்‌ஷாப் போடச் சொல்லுங்க டீச்சர். முதல்ல என் காரைப் பார்க்கட்டும். நல்லா அமைஞ்சா ஆஸ்பத்திரி வேனையும் அவர்கிட்டயே விட்டுருதேன்." ஐப்பசி மழைக்கு முன்னால் பிரேக் சரியாக வேண்டும் என்றார். மழை விழுந்தால் இந்தக் கரிசல் பாதையில் நல்ல பிரேக் உள்ள வண்டியே வழுக்கிக்கொண்டு ஓடைக்குள் போகும்.

இன்னொரு பக்கம் இவருடைய அண்ணன் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். ஜின்னிங் ஃபாக்டரி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற போகிற பருத்தி வண்டிக்குக் கேட் திறந்துவிடுகிற வேலை. தம்பி மேல் உள்ள பாசத்தில் பார்த்த வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்ஜினைத் தொட்டுப் பார்த்தே அதன் காய்ச்சலைச் சொல்கிற கை, கேட் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உட்காருவதா? ஷெட் அமைந்தால் ஒர்க்‌ஷாப். அமையாவிட்டால் ஸ்டூல். எங்கள் நிலைமை அவ்வளவுதான்.

இவர் சரியாகத்தான் ஆரம்பித்தார். வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே உள்ள இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். அகலம் பதினாலு அடி. வண்டிக்கு ஐந்தரை, மேஜைக்கு ஒன்றரை, மிச்சம் தனக்கும் தன் காலுக்கும்.

நாகலாபுரத்திலிருந்து அண்ணன் வந்து இறங்கினார். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், காணிக்கைப் பை பிடிக்கிறவர். வந்தவர் கோட்டைப் பார்த்தார், ஒரு குச்சியை எடுத்து அளந்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"பதினாலா? ஏலே, மனையடிக் கணக்குல பதினாலு நஷ்டம்லா!"

"அத்தான், நாம வேதக்காரங்க. நமக்கு எதுக்கு மனையடி?" என்றேன்.

"ஏம்மா, வெள்ளத்துக்குக் கட்டின பேழைக்கே இத்தன முழம்னு ஆண்டவரு கணக்கு சொல்லித்தான கட்டச் சொன்னாரு? கணக்கு இல்லாம கட்டலாம்னு எங்கன எழுதிருக்கு, காட்டு பாப்போம்!"

இன்றைக்கு வரை பைபிளைப் புரட்டித் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சுடலைமுத்துக் கொத்தனாரும் அவரோடு சேர்ந்துகொண்டார். பன்னிரண்டு ஆகாது, பதிமூன்று ஆகாது, பதினைந்தும் ஆகாது. பதினாறு பேஷான அளவு, ஆனால் பதினாறு போட்டால் கிணற்றுக்குப் போக வழி இல்லை. கீழே இறங்கினால் பதினொன்று. "பதினொண்ணு ராசியான அளவு டீச்சரம்மா. கண்ண மூடிக்கிட்டு கட்டலாம்." நிஜமாகவே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டுதான் கட்டினோம்.

இவர் என்ன சொன்னார்? "சரிண்ணே" என்றார்.

அடுத்துச் சொல்லப் போவது என் வண்டவாளம். என்னைக் கேட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். கார் அகலம் ஐந்தரை, மேஜை ஒன்றரை, ஆக ஏழு. பதினொன்றில் ஏழு போனால் நாலு. "நாலடி மிச்சம் இருக்கு, தாராளம்!" என்று தீர்ப்புச் சொன்னேன். பெருமையாக வேறு சொன்னேன்.

பதினொன்று என்பது வெளி அளவு. கரிசல் மண்ணில் மெல்லிசுச் சுவர் நிற்குமா? கோடையில் மண் வெடிக்கும், மழையில் ஊதும், சுவர் ஆளைப் பார்த்துச் சிரிக்கும். அதனால் கொத்தனார் சரளை தட்டுகிற வரைக்கும் அஸ்திவாரம் தோண்டி, ஒன்றரை அடிக் கனத்தில் கல் சுவர் எழுப்பினார். இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரை. மூன்றடியைச் சுவர் தின்றுவிட்டது! உள்ளே மிச்சம் எட்டு. வண்டியும் மேஜையும் போக ஒரே ஒரு அடி.

'ஓர் அறையின் வெளி அகலம் இவ்வளவு, சுவரின் கனம் இவ்வளவு, உள் அகலம் என்ன?' இந்தக் கணக்கை வருஷா வருஷம் கரும்பலகையில் போடுகிறேன். சுவரை மறந்துவிட்ட பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். என்னை எந்தப் பெஞ்சில் ஏற்றுவது?

கட்டும்போது தெரியவில்லையா என்பீர்கள். காலி ஷெட்டைப் பார்த்தால் என்ன தெரியும்? மைதானம் மாதிரி இருந்தது. போதகர் வந்து ஜெபம் பண்ணினபோது பத்துப் பேர் உள்ளே நின்றோம். "விசாலமாக இருக்கு" என்று எல்லோரும் சொன்னார்கள். பத்துப் பேரில் ஒருவருக்காவது ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்ப்போம் என்று தோன்றியதா?

சரி, டாக்டரம்மாவை உள்ளேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பம்பரில் கையைக் கொடுத்துத் தள்ளவும் முன்னால் இடம் இல்லை. வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி, அத்தானும் கொத்தனாரும் நானுமாக இழுத்தோம். டாக்டரம்மா நியூட்ரலில் போட்டுக்கொண்டு, ராணி மாதிரி, பின்பக்கமாக வெளியே வந்தார்.

"அடுத்த சனிக்கிழமை வருதேன். அதுக்கும் முடியலைன்னா மதுரைக்குத்தான் அனுப்பணும் டீச்சர், மழை வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன பிறகு ஆரம்பித்தார்கள் பாருங்கள், ஆளாளுக்கு யோசனை! "ஆளை வெளிய எறக்கிட்டு வண்டிய மட்டும் உள்ள தள்ளணும்" என்றார் அத்தான். சரி, வண்டி போய்விட்டது. வேலை பார்க்கிறவர் எந்த வழியாகப் போவது? "சுவர உள்பக்கமா கொஞ்சம் செதுக்கிருவம்" என்றார் கொத்தனார். கல் சுவரைச் செதுக்க அது என்ன கருப்பட்டியா? போதாதற்கு, "உள்ள எட்டு வந்ததும் நல்லதுக்குத்தான் டீச்சரம்மா. வெளிய பதினொண்ணு, உள்ள எட்டு, ரெண்டும் ராசியான அளவு" என்று என்னைத் தேற்றினார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவர் மட்டும் ஷெட்டுக்குள் போய், சக்கரம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கால் நீள இடம் ஏது? வண்டி நிற்க வேண்டிய இடத்தில் இவர் கால் கிடந்தது. சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"பரவால்ல. அண்ணன் சொன்ன கேட் வேலைக்கே போயிருதேன்" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் ஓரமாகக் கிடந்த கொத்தனாரின் கடப்பாரையைத் தூக்கினேன். முற்றத்துப் பக்கச் சுவரில் ஓங்கி ஒரு போடு போட்டேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் உள்ளங்கைதான் விண்ணென்று வலித்தது. விடவில்லை. இன்னொரு போடு.

"ஏம்மா, என்ன காரியம் பண்ணுத!" என்று ஓடி வந்தார் அத்தான்.

"இந்தச் சுவரை எடுக்கப் போறேன் அத்தான். எடுத்துட்டு, கூரையை நீட்டிச் சாய்ப்பு இறக்கப் போறேன். பதினாலோ பதினஞ்சோ, எது வருதோ வரட்டும். இவரு ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு கேட் தொறக்கிறதை விடவா பெரிய நஷ்டம் வந்துரும்?"

இனி சண்டைதான் என்று நினைத்தேன். அத்தான் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் அத்தானைப் பார்த்தார். இரண்டு பேரும் தாடையைச் சொறிந்தார்கள்.

"ஒரு பக்கம் சுவர் இல்லன்னா..." என்று இழுத்தார் கொத்தனார்.

"அது அறை இல்லைலா? கொட்டகை!" என்றார் அத்தான். "கொட்டகைக்கு ஏது கணக்கு? பருத்தி போடுத கொட்டகைக்கு எவன் அடி பாக்குதான்? எத்தன அடினாலும் போட்டுக்கோ, தாயி!"

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா அத்தான்?" என்று கத்தினேன்.

"நீங்க கொட்டகைன்னு சொல்லலியே! ஷெட்டுன்னுதான சொன்னிய!"

இதைக் கேட்டுக்கொண்டு நான் உயிரோடு இருக்கிறேன் என்றால், அது கர்த்தருடைய கிருபைதான்.

அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடமிருந்து கடப்பாரையைப் பிடுங்கினார். ஓங்கினார். அப்போது பின்னாலிருந்து ஒரு அதட்டல்.

"யண்ணே, நிறுத்து! முட்டுக் குடுக்காம சுவர இடிச்சா மேல உள்ள தகரம் பூராவும் தலையில எறங்கும். முதல்ல நாலு பனங்கால் கொண்டுவரச் சொல்லு!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். இவர்தான்! எட்டு மாதம் கழித்து, ஒர்க்‌ஷாப்பில் பேசுகிற மாதிரி பேசினார். அத்தான் கடப்பாரையைக் கீழே வைத்தார்.

புதன்கிழமைக்குள் பனங்கால் ஊன்றி, சுவரை இறக்கியாயிற்று. சாய்ப்பு எவ்வளவு தூரம் இறக்குவது என்று கொத்தனார் கேட்டார். கணக்கு டீச்சர் பதவியிலிருந்து அன்றைக்கு எனக்கு லீவு. இவர் வண்டிச் சக்கரம் நிற்கும் இடத்தில் ஒரு கல்லை வைத்தார். அதற்கு எதிரே பலகையில் உட்கார்ந்து, காலை நன்றாக நீட்டினார். முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் டூல்ஸ் பெட்டியோடு நடக்க எவ்வளவு வேண்டும் என்று அத்தானையே நடக்கவிட்டுப் பார்த்தார். அங்கே கோடு போட்டார். அது எத்தனை அடி என்று யாரும் அளக்கவில்லை.

வீட்டில் ஒர்க்‌ஷாப் போட நினைக்கிற வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வண்டியை அளக்கிறீர்கள், மேஜையை அளக்கிறீர்கள், நல்ல நம்பரும் பார்க்கிறீர்கள். வேலை செய்யப் போகிற மனுஷனை ஒருமுறை அங்கே உட்கார வைத்துப் பார்த்தீர்களா? கோடு போடுவதற்கு முன்னால் பாருங்கள், புண்ணியமாகப் போகும். எங்களைப் போலக் கட்டி முடித்துவிட்டுப் பார்க்காதீர்கள்.

நேற்றுச் சனிக்கிழமை டாக்டரம்மா கார் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை கதவை முழுசாகத் திறந்து, கைப்பையோடு கம்பீரமாக இறங்கினார். பத்து மணிக்குள் நாலு சக்கரமும் கழன்று வரிசையாகக் கிடந்தன. இவர் பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கையெல்லாம் கிரீஸோடு பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். பத்தாம் நம்பர் கேட்டால் பன்னிரண்டாம் நம்பரைக் கொடுத்துத் திட்டு வாங்கினார். கேட் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டதாக என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

நான் காப்பியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

இவர் நிமிரக்கூட இல்லை. "ஏட்டி, வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு மரம் மாதிரி நிக்க? அங்கிட்டுப் போ!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், டாக்டரம்மாவே திடுக்கிட்டுத் திரும்பினார்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இவர் என்னிடம் பேசியதிலேயே இனிமையான வார்த்தை அதுதான்.