சாம்பல் தண்ணீரில் நின்ற கரண்டி

எங்கள் சமையலறை இழுப்பறையில் ஒரு எவர்சில்வர் கரண்டி கிடக்கிறது. பாதிவரை சாம்பல் நிறக் கறை. அதைத் தேய்க்க மனைவி கை வைக்கும்போதெல்லாம் நான் சண்டைக்குப் போகிறேன். அது நல்லூரில் என்னோடு படிப்பித்த இரசாயன ரீச்சரின் கரண்டி.

தொண்ணூறுகளின் தொடக்கம். கரண்ட் இல்லை. போர்க்காலம்; பற்றரியும் சவர்க்காரமும்கூட யாழ்ப்பாணத்துக்குள் வர அரசாங்கம் தடை போட்டிருந்தது. ஆய்வுகூடத்தைப் பூட்டிக் கதிரை மேசைகளை அடுக்கலாம் என்று பள்ளிக்கூட அதிபர் முடிவெடுத்திருந்தார்.

“கரும்பலகையிலை கீறிக் காட்டினால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம், ரீச்சர்.”

“ஒருக்காச் செய்து காட்டுறன், சேர். சரிவராட்டிப் பூட்டுங்கோ.”

தடை போட்டவனுக்காக எங்கள் கதவை நாங்களே ஏன் பூட்டவேண்டும் என்பது ரீச்சரின் கோபம். எனக்கும் அதே கோபம்தான்.

தண்ணீரை மின்னால் பிரித்துக் காட்ட, கணிதம் படிப்பித்த என்னைச் சைக்கிள் மிதிக்க வைத்தார். டைனமோவிலிருந்து, செத்த வானொலியில் கழற்றிய டயோட்டுகள் வழியாக, பழைய பற்றரியின் காபன் கோல்கள் இரண்டுக்கு வயர் போனது. கார் பற்றரிக்கு ஊற்றும் மழைத்தண்ணீர்தான் திறம் என்று, கோல்கள் நிற்கும் முகவையை நான் முன்கூட்டியே நிரப்பியிருந்தேன். வேர்த்து ஒழுக மிதித்தும் ஒரு குமிழி இல்லை. அதிபர் வாசலில் நின்று சிரித்தார்.

“எந்தத் தண்ணி ஊத்தினியள்?” என்று ரீச்சர் கேட்டார். சொன்னேன். “வெறும் தண்ணி மின்னைக் காவாது, சேர். மின்னைக் கடத்த ஒரு மின்பகுபொருள் கரைக்கவேணும்.”

“உப்புப் போடுவமே?” என்றேன்.

“குளோரீன் கிளம்பும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடவேண்டியதுதான்.”

சவர்க்காரம் இல்லாததால் எல்லா வீட்டிலும் சாம்பல் கரைத்துத் தெளியவைத்தே உடுப்புத் தோய்த்தோம். அந்தத் தெளிவைப் போத்தலில் கொண்டுவந்திருந்தார். ஊற்றியதும் குமிழி வந்தது, ஆனால் சோம்பலாக. ஐதரசன் வாயு வரும் பக்கத்துக் காபன் கோலை எடுத்துவிட்டுத் தன் சாப்பாட்டுக் கரண்டியை இறக்கினார். அதே தண்ணீர், அதே மிதி. கரண்டியைச் சுற்றிப் பால்போல நுரைத்தது.

“கரண்டி கரையேல்லை, சேர். தண்ணி உடையத் தோதான இடம் குடுக்குது. அதுதான் ஊக்கி.”

நெருப்புக்குச்சியும் அருமையாகக் கிடைத்த காலம். ஒன்றை இரண்டாகப் பிளந்து, பாதியைக் கொளுத்தி, குமிழிகளின் மேல் கவிழ்த்து வாயு நிறைத்த சோதனைக்குழாயின் வாயருகே பிடித்தார். ‘டப்!’ அதிபர் மேசைக்குக் கீழே போய்விட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. குண்டு போடும் பொம்மர் சுற்றும் ஊரில் எல்லாருடைய உடம்பும் அப்படித்தான் பழகியிருந்தது.

“எழும்புங்கோ, சேர்,” என்றார் ரீச்சர். “இது மேலையிருந்து விழுந்த சத்தமில்லை. நாங்கள் செய்த சத்தம்.”

ஆய்வுகூடம் பூட்டப்படவில்லை. கரண்டியை என்னிடம் நீட்டி, “மிதிச்ச கூலி. இனி இதாலை சோறு தின்னேலாது,” என்றார்.

இப்போது நான் இருக்கும் நாட்டில் சுவரில் சுவிச்சைத் தொட்டால் கரண்ட். தண்ணீரைப் பிரித்து எரிபொருள் எடுக்கப்போகிறார்களாம், தொலைக்காட்சியில் பெரிய புதினமாகச் சொல்கிறார்கள். நான் எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து பார்க்கிறேன். கறை அப்படியே இருக்கிறது. தேய்க்க விடமாட்டேன்.