சிரட்டை அளவு சோறு

சின்னத் தேங்காய் ஒன்றை உடைத்து, கண் இல்லாத பாதியை எடுத்து, கண்ணாடிச் சில்லால் உள்ளும் புறமும் சுரண்டி நானே வழவழப்பாக்கி வைத்திருந்த ஒரு சிரட்டை. அதில் சோற்றை அழுத்தாமல் அள்ளி, தலை தட்டி, என் மாமியாரின் வட்டிலில் கவிழ்ப்பேன். பிள்ளைகள் கடற்கரை மணலில் இட்லி சுட்டு விளையாடுவார்களே, அந்த மாதிரி அது வட்டிலின் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஒரு வேளைக்கு அவ்வளவுதான். கவிழ்க்கும்போது அத்தை என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நானும் அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன். எனக்கு அப்போது இருபது வயது. தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

யுத்தம் முடிகிற தறுவாய். ஊரே ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றது. எங்கள் வீட்டில் மட்டும் சோற்றைக் குறை என்று டாக்டர் உத்தரவு. மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன இடத்தில் அத்தையின் கால் பெருவிரலில் சிப்பி ஓடு குத்திவிட்டது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்துக் கட்டினோம். ஒன்றரை மாதமாகியும் புண் ஆறவில்லை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர் லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். டாக்டர் சென்னைப் பட்டணத்துக்காரர். அத்தையின் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துச் சூடாக்கினார். நீலம் மாறாமல் இருந்தால் ஒன்றும் இல்லையாம். அதுவோ எங்கள் கண் முன்னாலேயே பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. நீரிழிவு. ஊசி மருந்து கப்பலில் வருவது நின்றுபோயிருந்தது. "சோற்றைக் குறைங்க, சீனியைத் தொடாதீங்க. இல்லேன்னா விரலோட நிக்காது, காலையே எடுக்கவேண்டி வரும்" என்றார். எவ்வளவு சோறு என்று கேட்டதற்கு உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். அந்தக் குழிவின் அளவுக்குத்தான் நான் சிரட்டை தேடினேன்.

வெளியே வந்து குதிரை வண்டியில் ஏறுவதற்கு முன்னாலேயே அத்தை என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார்கள். "ஏளா, இது வெளிய மூச்சு விடக் கூடாது. கெட்டிக் குடுக்கப் பொம்பளப்பிள்ள வச்சிருக்கோம். ஆத்தாவுக்குச் சீக்குன்னு தெரிஞ்சா மகள எவன் கெட்டுவான்?" என் நாத்தனாருக்கு அப்போது பதினெட்டு வயது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. நானும் சரி அத்தை என்று தலையாட்டிவிட்டேன். எவ்வளவு பெரிய பாரத்துக்குத் தலையாட்டினேன் என்று அப்போது தெரியவில்லை.

ஐம்பது வருஷமாக மூன்று வேளையும் குவித்துச் சாப்பிட்ட வயிறு அது. முதல் வாரம் வீடே ரணகளம். "வயிறு காந்துதுளா, இன்னும் ஒரு கை போடு" என்பார்கள். நான் மாட்டேன் என்பேன். ஒருநாள் வட்டிலைத் தூக்கிச் சுவரில் எறிந்தார்கள். எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுக்களைக்குள் போய் அழுதேன். அழுது முடித்துவிட்டுத்தான் யோசித்தேன். எங்கள் பக்கம் முதலில் சோற்றைக் குவித்து, அதன் தலையில் குழம்பை ஊற்றுவது வழக்கம். நான் அதைத் தலைகீழாக்கினேன். முதலில் தேங்காய்ப்பூ போட்ட முருங்கைக்கீரை ஒரு பெரிய கிண்ணம். பிறகு குழம்பிலிருந்து சாளை மீன் நாலைந்து. முள்ளெடுத்து மெல்லவே நேரம் ஆகும். சோறு கடைசியில். அது வருவதற்குள் பாதிப் பசி அடங்கியிருக்கும். பெரிய வட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டுச் சின்ன வட்டிலை எடுத்தேன். பெரியதில் பிச்சை போட்ட மாதிரி தெரிந்த அதே சோறு, சின்னதில் சோறாகத் தெரிந்தது. நாலு மணிப் பசிக்கு அவித்த முட்டையும் மோரும். அத்தையும் தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு கவளத்தை வட்டிலின் ஓரத்தில் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் அதைக் கண்ணை மூடிக்கொண்டு தின்பார்கள்.

அத்தை இளைத்தார்கள். ரவிக்கை தொளதொளத்தது. தெரு சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏளா, ஒங்க மாமியாருக்குச் சோறு போடுதியா இல்லையா? ஆளு பாதியாப் போயிட்டாளே!" நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் சொல்லாததே எனக்கு எதிராகப் போயிற்று. மாமியாரைப் பட்டினி போடுகிறவள் என்ற பேர் இரண்டே வாரத்தில் எங்கள் தெருவைத் தாண்டிவிட்டது. அத்தைக்கும் அது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு வயிறெரிந்தது.

இதற்கு நேர் எதிராக, டாக்டர் வீட்டில் வேறு கூத்து. எட்டு நாளுக்கு ஒருமுறை போனோம். ஒவ்வொரு முறையும் அந்தப் பாழாய்ப்போன குழாய் செங்கல் நிறம்தான் காட்டியது. "கெஞ்சுதாகன்னு கள்ளத்தனமாப் போடுதியா?" என்று என் கணவரே கேட்டுவிட்டார். தெருவில் பட்டினி போடுகிறேன், வீட்டில் கள்ளத்தனமாகப் போடுகிறேன். இரண்டு பழியும் ஒரே தலையில்! ஒருநாள் டாக்டர், காலையிலிருந்து வாய்க்குள் போனதையெல்லாம் ஒன்று விடாமல் சொல் என்றார். சொன்னேன். சுக்குக் காப்பி என்றதும் நிறுத்தினார். "எதைப் போட்டு?" "கருப்பட்டிதான்." "எத்தனை வேளை?" "முன்னே மூணு வேளை. இப்பப் பசிக்குன்னு நாலஞ்சு வேளை குடுக்கேன்." டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கருப்பட்டியும் சர்க்கரைதானம்மா" என்றார்.

நாங்கள் பனங்காட்டுச் சனம். சீனி என்றால் எங்களுக்குக் கடையில் விற்கிற வெள்ளைச் சீனி. அதை நான் வீட்டுக்குள்ளேயே விடவில்லை. கருப்பட்டியோ பிள்ளை பெற்றவளுக்கு மருந்து, சளிக்கு மருந்து, உடம்புச் சூட்டுக்கு மருந்து. உடன்குடியிலிருந்து அத்தையின் தம்பி ஓலைப்பெட்டி நிறைய அனுப்பிக்கொண்டே இருந்தார். சோற்றைத் தலை தட்டி அளந்த இதே கைதான் கருப்பட்டியைத் தட்டித் தட்டிப் போட்டது. புண் அதற்குள் அழுகிவிட்டதால் மறுநாள் பெருவிரலை எடுத்தார்கள். நான் செத்துப்போகலாம் என்று நினைத்தேன். அத்தை மயக்கம் தெளிந்து, நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "நீ என்ன செய்வ? கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்சது நாந்தான. இனிமே காப்பியில உப்பப் போட்டுக் குடு" என்றார்கள். அதன்பிறகு குழாய் பச்சைக்கு வந்தது. காலும் தப்பித்தது.

நாத்தனாருக்குத் திருச்செந்தூர்ப் பக்கத்தில் ஒரு வியாபாரக் குடும்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பெண் வீட்டில் அவர்கள் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்த மாதிரி. நனைக்காமல் எழுந்துவிட்டால் இல்லையென்று அர்த்தம். அவர்கள் கை நனைக்க வந்த அன்று பெண்கள் பந்தியில் மாப்பிள்ளையின் தாயாரும் அத்தையும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். இருவரும் சேர்ந்து முதல் கவளம் எடுக்கவேண்டும். நான்தான் பரிமாறினேன். சிரட்டையை வெளியே எடுக்க முடியாதே, கை நிதானத்தில் அதே அளவு அத்தை இலையில் வைத்தேன். அந்த அம்மாள் தன் இலையையும் பார்த்தார், அத்தை இலையையும் பார்த்தார். "என்ன மதினி, மருமக ஒங்களுக்கு இம்புட்டுதான் சோறு வைப்பாளோ? கேள்விப்பட்டது நெசந்தான் போல. எம் மகன் பொண்ணெடுக்க வந்த வீடு இதுதானா?" என்றார். கறிப் பாத்திரத்தோடு நின்ற பக்கத்து வீட்டு அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு நாள்தானே, ஒரு கரண்டிதானே என்று தோன்றிவிட்டது. கரண்டி நிறையச் சோற்றை அள்ளிக்கொண்டு குனிந்தேன். அத்தையின் கண் அந்தச் சோற்றின் மேலேயே இருந்தது. ஆறு மாதப் பசி அந்தக் கண்ணில் தெரிந்தது. பிறகு இரண்டு கையையும் இலைக்கு மேலே விரித்து மறித்தார்கள்.

"வேண்டாம்ளா. மதினி, எனக்கு நீரிழிவு. கால் வெரல எடுத்தாச்சு. இவ அளந்து போடுததாலதான் ரெண்டு காலோட ஒங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். ஊரு பூரா இவள ஏசுச்சு. நான் வாயப் பொத்திட்டு இருந்தேன். அது எந் தப்பு."

அந்த அம்மாளின் கை இலையைத் தொடாமல் மடிக்குப் போயிற்று. "அவுகள ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் வண்டி மாடுகளின் மணிச்சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. உள்ளறையில் நாத்தனார் விம்மினாள். பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்க்க முடியாமல் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அத்தை பக்கத்து இலையைத் தட்டிக் காட்டி, "நீ இங்கன உக்காரு" என்றார்கள். மாமியாருக்குச் சமமாக நான் அதுவரை உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, போதும் போதும் என்று சொல்லச் சொல்லச் சோற்றைக் குவித்தார்கள். நான் அழுதுகொண்டே தின்றேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் நல்ல பசி.

நாத்தனார் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. சொன்னது அவள் தாயார். கோபமோ என் மேல். இரண்டு வருஷம் கழித்து எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லி ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தோம். அத்தை ஒன்பது விரலோடு இன்னும் பதினோரு வருஷம் நடமாடினார்கள்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் நானும் நாத்தனாரும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். அவளுக்கும் இப்போது எழுபது தாண்டிவிட்டது. எதிரே சம்பந்தி வீட்டார் வரிசை. சோறு வாளியோடு வந்தவரிடம் அவள், "எனக்குச் சுகர் இருக்குப்பா, ஒரு கரண்டி போதும்" என்று மண்டபமே கேட்கிற மாதிரி சொன்னாள். ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எதிர் வரிசையை ஒருதரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இம்புட்டுதானா மதினி?" என்று கேட்டாள்.