எஸ்தரின் பாதி

எஸ்தர் போய்விட்டாள்.

காலையில் மெசஞ்சரில் அவள் மகள். திசையன்விளையிலிருந்து. "நேத்து சாயங்காலம் நெஞ்சு வலிக்குன்னாங்க ஆன்ட்டி... ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." அதற்குக் கீழே இன்னொரு வரி. "அம்மா உங்க போஸ்ட் எல்லாம் வாசிப்பாங்க. லைக் மட்டும் போட மாட்டாங்க."

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். எவ்வளவு நேரமோ.

தொண்ணூறுகளின் நடுவில்... நானும் எஸ்தரும் தினமும் சேரன்மகாதேவியில் பஸ் ஏறி, திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போவோம். நாள் முழுக்கச் சேலையை விரித்துக் காட்டுவது, திரும்ப மடிப்பது. இருவருக்கும் ஒரே கனவு, பேங்க் கிளார்க் பரீட்சை. இருவருக்கும் ஒரே பூதம், இங்கிலீஷ்.

பழைய புத்தகக் கடையில் ஒரு கிராமர் கைடு சேர்ந்து வாங்கினோம். வாங்கிய அன்றே எஸ்தர் அதை பிளேடால் நடுவில் அறுத்து, கடை நூலால் இரண்டு பாதியையும் தனித்தனியாகத் தைத்துவிட்டாள். ஆளுக்கு ஒரு பாதி. சனிக்கிழமை பஸ்ஸில் மாற்றிக்கொள்வோம்.

பிளேடு விழுந்தது சரியாக பார்ட்டிசிப்பியல் ஃப்ரேஸ் பாடத்தில். விளக்கம் முன்பாதியில், பயிற்சி பின்பாதியில்! மண்டையில் ஏறுமா... ஒரு மாதம் ஏறவில்லை.

ஒருநாள் பத்தமடை தாண்டி, வரப்பில் குடையோடு போன ஒருவரை எஸ்தர் காட்டினாள். "ஏட்டி, நாம 'கொடையப் புடிச்சிக்கிட்டு'ன்னு சொல்லுதோம்லா... அதாம்ட்டி இது. Holding an umbrella. யாரு, என்ன செஞ்சாருன்னு பொறவு பைய சொல்லிக்கிடலாம்."

அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது.

அன்று தொடங்கியது விளையாட்டு. ஒருத்தி பாதி வாக்கியம் சொல்ல வேண்டும், அடுத்தவள் முடிக்க வேண்டும். ஜங்ஷன் வருவதற்குள் முடிக்காவிட்டால் அந்தப் பாதியை வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் முழுதாகக் கொண்டுவர வேண்டும்.

அந்த ஜன்னல் முழுக்கப் பாதி வாக்கியங்கள்தான். ஈரச் சேலையை உதறிக்கொண்டு... நாற்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு... யாரையோ கை தட்டிக் கூப்பிட்டுக்கொண்டு... அதற்கு மேல் என்ன நடந்தது என்று தெரிவதற்குள் பஸ் தாண்டிவிடும். மீதியை நாங்கள் வைத்துக்கொள்வோம்.

வயல் தண்ணீரில் நின்ற கொக்கைப் பார்த்து, "Standing in the water" என்று நான் ஆரம்பித்தேன். ஜங்ஷனுக்கு முந்தின ஆற்றுப் பாலம் வரப்போகும்போதுதான் எஸ்தர் முடித்தாள். "the white bird is forgetting its name." தண்ணீரில் நின்றுகொண்டு அந்தக் கொக்கு தன் பேரை மறந்துகொண்டிருக்கிறதாம்... சேலை மடிக்கிற வேலையில் இருந்தவள் சொன்னது.

நான் அப்படியெல்லாம் இல்லை. "Crossing the bridge, the river is beautiful" என்று ஒருமுறை முடித்து மாட்டிக்கொண்டேன். எஸ்தர் கைடைப் புரட்டிவிட்டு, "இப்படிச் சொன்னா ஆறுதாம்ட்டி பாலத்தத் தாண்டுது" என்றாள்.

பின்னால் நின்ற கண்டக்டர் அண்ணாச்சி சொன்னார், "தாண்டட்டும் தாயி, நான் அதுக்கு டிக்கெட்டு கேக்க மாட்டேன்."

ஜங்ஷன் வரைக்கும் சிரித்தோம். இன்றைக்கும் பஸ் அந்தப் பாலத்தில் ஏறும்போது, ஆறு எழுந்து எங்களோடு கூடவே கடப்பது மாதிரி இருக்கும் எனக்கு.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம், சனிக்கிழமை. எஸ்தர் தன்னிடமிருந்த பின்பாதியைக் கொடுத்துவிட்டு, முன்பாதிக்குக் கை நீட்டினாள். "அய்யோ... வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்ட்டி" என்றேன்.

புத்தகம் என் பைக்குள், டிபன் டப்பாவுக்கு அடியில் இருந்தது.

திங்கட்கிழமையும் மறந்துவிட்டேன் என்றேன். செவ்வாயிலிருந்து லீவு போட்டுவிட்டேன். இரண்டு பாதியும் என்னிடம். அவளிடம் ஒன்றுமில்லை.

இந்தத் தடவை தேறாவிட்டால் கல்யாணம்தான் என்று எங்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். எஸ்தர் வீட்டிலும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

நான் பாஸ். அவள் நம்பர் வரவில்லை. எனக்கு தர்மபுரிப் பக்கம் போஸ்டிங். அவளைத் திசையன்விளையில் கட்டிக்கொடுத்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து என் பேங்க் விலாசத்துக்கு ஒரு இன்லண்ட் லெட்டர். பிரித்தால், உள்ளே ஒரே வரி.

Keeping my half with you,

என் பாதியை உன்னிடம் வைத்துக்கொண்டு... அப்புறம் கமா. அதற்குக் கீழே முழுக்க வெற்று நீலம்.

கோபமா, கேலியா, இல்லை விளையாட்டைத் தொடரலாம் என்கிறாளா... தெரியவில்லை. பதில் எழுத நாலைந்து தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை. அப்புறம் உட்காரவே இல்லை.

இன்று நானே அவள் மகளுக்கு போன் பண்ணினேன். அழுகைக்கு நடுவில் அந்தப் பெண் சொன்னாள். "பஸ்ஸுல போனா அம்மா ஜன்னலப் பாத்து இங்கிலீஷ்ல பாதி சொல்லுவாங்க ஆன்ட்டி, மீதிய நாங்க சொல்லணும். உங்க கூட வெளாடுன வெளாட்டுன்னு சொல்லுவாங்க."

"வேற ஏதும் சொன்னாளாம்மா?"

"இல்லயே ஆன்ட்டி... இது மட்டும்தான் சொல்லுவாங்க."

பரணிலிருந்து இரண்டு பாதியையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் தைத்த நூல் இன்னும் விடவில்லை.

எஸ்தர், ஜங்ஷன் வந்து எத்தனையோ வருஷம் ஆயிட்டு. இப்போதான் முடிக்கிறேன்.

Keeping your half with me, I passed.

மன்னிச்சிருட்டி. போயிட்டு வா.